சுக்காம்பாறைக்காரர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது

சுக்காம்பாறைக்குப் பஸ் எப்படி வந்தது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம். அவர்கள் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்பது அவர்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். நான் பக்கத்து ஊர். காலையில் ஒரு கடப்பாரை இரவல் கேட்கப் போனவன், சாயங்காலம் வரை அங்கேயே நின்றுவிட்டேன். அதனால் நான் சொல்வதுதான் நடந்தது.

சுக்காம்பாறையில் இருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டு விலக்குக்கு வந்தால்தான் டவுனுக்குப் பஸ் கிடைக்கும். மழைக்காலத்தில் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். சொர்ணத்தாயின் மருமகளுக்குப் போன வருஷம் பிரசவ வலி எடுத்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில், மைல்கல்லுக்குப் பக்கத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. மைல்ராஜ் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குப் பஸ் கேட்பதற்கென்றே ஒரு குழு உண்டு. தலைவர் ஆவுடையப்பன். அவருக்கு முன்னால் அவர் மீசை வரும், பின்னால் அவர் வருவார். செயலாளர் தங்கப்பழம். எதையும் இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை தப்பாகப் புரிந்துகொள்கிறவர். நூல் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிச்சைக்கனி ஓர் உறுப்பினர். பெண்கள் சார்பில் சொர்ணத்தாய். நான்கு பேரும் பதினொரு வருஷம் மனுக் கொடுத்து, கடைசியில் பஸ்ஸுக்கு ஒப்புதலே வந்துவிட்டது.

வந்தது கம்ப்யூட்டரில். அதில்தான் சிக்கல்.

"உங்கள் ஊருக்குப் பேருந்து ஒப்புதல் அளிக்கப்படுகிறது. இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்று மாலை ஐந்து மணிக்குள் டவுன் அலுவலகத்துக்கு அனுப்பவும். தவறினால் ஒப்புதல் ரத்தாகும். போனில் பிடித்த படம் செல்லாது" என்று குழுக் கட்டடத்துக் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தது. அவர்களே போட்ட பக்கத்தை அவர்களுக்கே ஏன் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பதினொரு வருஷத்தில் அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் காலையில் வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்து, "யாரும் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். நான் போன நேரத்தில் நான்கு பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது போன் அடித்தது. டவுன் அலுவலகத்தில் இருந்து ஜெபராணி என்கிற அதிகாரி. நல்ல பெண். அன்றைக்குப் பிறகும் நல்ல பெண்ணாகவே இருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

"சார், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சா?"

தலைவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். "ஸ்கிரீன் ஷார்ட்டான்னு கேக்காங்க."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பச்சைத் துணி தொங்கியது. சொர்ணத்தாய் தைத்துப் போட்ட ஸ்கிரீன்.

"டவுன்ல இருந்துக்கிட்டு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றார் தங்கப்பழம்.

"ஆமா மேடம், ஷார்ட்தான்" என்று தலைவர் ஒப்புக்கொண்டார். "தண்ணியில போட்டதும் ஒரு சாண் சுருங்கிட்டு."

"எதைத் தண்ணியில போட்டீங்க?"

"ஸ்கிரீனைத்தான்."

"சார்… கம்ப்யூட்டரையா?"

"சேச்சே, ஜன்னல் ஸ்கிரீனை மேடம்."

ஜெபராணி விட்ட பெருமூச்சு நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. "அது இல்ல சார். கீபோர்டைப் பாருங்க. பிரிண்ட் ஸ்கிரீன் இருக்கா?"

"இல்ல மேடம். இது பிளெயின்."

"என்னது பிளெயின்?"

"பிரிண்டெல்லாம் கிடையாது. பச்சைக் கலர், பிளெயின் ஸ்கிரீன்."

"பூப்போட்டது கடையில தீந்து போச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொர்ணத்தாய் சங்கடத்தோடு சொன்னார். "நம்மள ஒண்ணும் நெனச்சுக்கிடக் கூடாதுல்லா."

ஜெபராணி பொறுமையாக வேறு வழிக்குப் போனார். "சரி சார், அதை விடுங்க. விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ். இந்த மூணையும் ஒண்ணா அழுத்தணும். விண்டோஸ் பட்டன்ல ஜன்னல் படம் போட்டிருக்கும்."

"டீச்சர் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே" என்று பிச்சைக்கனி தயங்கினார்.

"தொடத்தான் கூடாதுன்னாங்க. அழுத்தக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார் தலைவர். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

தங்கப்பழம் நேராக ஜன்னலுக்குப் போய்த் தடவிப் பார்த்தார். "கொக்கிதான் இருக்கு, பட்டனைக் காணும்" என்றார். ஜெபராணி "கீபோர்டுல, கீபோர்டுல" என்று கத்தியதும் திரும்பி வந்தார். ஜன்னல் படம் போட்ட பட்டன் கிடைத்தது. எஸ் என்கிற எழுத்தும் கிடைத்தது. ஷிஃப்ட் மட்டும் இரண்டு இருந்தது, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

பிச்சைக்கனி முன்னால் வந்தார். முப்பது வருஷ அனுபவம் இப்போதுதான் ஊருக்குப் பயன்படப் போகிறது என்கிற பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"தள்ளுங்க. இது எனக்குத் தெரிஞ்ச விவகாரம். இடது பக்கம் இருக்கது முதல் ஷிஃப்ட்டு. வலது பக்கம் ரெண்டாம் ஷிஃப்ட்டு. இப்ப மணி என்ன?"

"பன்னெண்டேகால்."

"ரெண்டு மணிக்குத்தான் ஆள் மாறுவாங்க. அதனால இடது பக்கம்தான். தைரியமா அழுத்தலாம்."

மூன்று பட்டன், அதனால் மூன்று பேர். தலைவர் என்பதால் ஜன்னல் ஆவுடையப்பனுக்கு. ஷிஃப்ட் பிச்சைக்கனிக்கு. எஸ், சொர்ணத்தாயின் பேருக்குப் பொருத்தமாக இருந்ததால் அவருக்கு. தங்கப்பழம் போனைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு…"

"நில்லும்வே" என்றார் தலைவர். "மூணுன்னு சொல்லும்போது அழுத்தவா, சொல்லி முடிச்ச பெறவு அழுத்தவா?"

"சொல்லும்போதுன்னா, 'மூ'விலயா 'ணு'விலயா?" என்று கேட்டார் பிச்சைக்கனி.

"மூவுல அழுத்தினா மூணு வாரதுக்குள்ள விரல் வலிக்கும்" என்றார் சொர்ணத்தாய்.

"அப்ப மூணே வேண்டாம். ரெண்டோட நிறுத்திக்கிடுவோம்."

"ரெண்டுன்னா பட்டனும் ரெண்டுதானே அழுத்த முடியும்? மேடம் மூணுல்லா கேட்டாங்க."

இது கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் எண்ணவே வேண்டாம், தங்கப்பழம் தும்மினால் அழுத்துவது என்று முடிவானது. தங்கப்பழத்துக்குத் தும்மல் வரவில்லை. சொர்ணத்தாய் முந்தானை நுனியைத் திரித்து அவர் மூக்கில் விட்டார். தும்மல் வந்தது. மூவரும் அழுத்தினார்கள். ஒத்துக்கொள்ள வேண்டும், மூன்று விரலும் கச்சிதமாக ஒரே நேரத்தில் விழுந்தன.

கம்ப்யூட்டர் திரை லேசாக இருண்டது.

"ஐயோ, மயங்கிட்டே!" என்று அலறினார் சொர்ணத்தாய்.

"மங்குச்சா?" என்று போனில் கேட்டார் ஜெபராணி.

"மங்கிட்டு மேடம்! காலையில நல்லாத்தான் இருந்துச்சு!"

"ரொம்ப நல்லது."

தங்கப்பழம் போனை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார். ஒரு ஜீவன் மயங்கிக் கிடக்கிறது, ரொம்ப நல்லது என்கிறாரே என்று அவருக்கு வருத்தம். பிச்சைக்கனி துண்டை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு விசிற ஆரம்பித்தார்.

"இப்ப மவுஸை அழுத்திப் பிடிச்சு, மேல் மூலையில இருந்து கீழ் மூலைக்கு இழுங்க. முழுசா இழுத்ததும் விட்டுருங்க" என்றார் ஜெபராணி. பக்கத்து மேஜையில் யாரோ கூப்பிட்டதால், "லைன்ல இருங்க, வர்றேன்" என்று போனைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. கட்டடத்தின் மேற்கு மூலையில் துடைப்பம் சாத்தியிருந்தது. கிழக்கு மூலையில் தண்ணீர்க் குடம். தலைவர் மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு துடைப்பத்தைப் பார்த்து நடந்தார். நாலடி போனதும் வயர் இழுத்துப் பிடித்தது.

"வயர் காணாது. மேஜையோட தூக்குங்க" என்றார்.

தூக்கினார்கள். ஒரு கால் தரையில் இடித்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். நானும் ஒரு கால் பிடித்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கரண்டு வயர் நீளமாக இருந்தது அந்த ஊரின் அதிர்ஷ்டம். மேஜை, கம்ப்யூட்டர் எல்லாம் முதலில் மேற்கு மூலைக்குப் போய், அங்கிருந்து கிழக்கு மூலைக்கு வந்து சேர்ந்தன. தலைவர் குனிந்தபடியே மவுஸைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார். குடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மூச்சு வாங்க நின்றார். "முழுசா இழுத்தாச்சு. விடவா?"

"விடச் சொல்லிட்டாங்களே."

விட்டார். மவுஸ் கீழே விழுந்து, சொருகியிருந்த இடத்தில் இருந்து வயரும் கழன்றது.

ஜெபராணி திரும்பி வந்தார். "இழுத்து விட்டீங்களா?"

"விட்டாச்சு மேடம். விழுந்துட்டு."

"விழுந்துருச்சா? படம் விழுந்துருச்சுல்ல, சரி. இப்ப பெயிண்ட்டைத் திறங்க. திறந்து, அதுல ஒட்டுங்க. கன்ட்ரோல், வி."

பஸ் வரப் போகிறதே என்று ஆசைப்பட்டு நிழற்குடைக்கு அடிக்க வாங்கிய நீல பெயிண்ட் ஒரு டின் அங்கே இருந்தது. தங்கப்பழம் ஆணியால் மூடியை நெம்பினார்.

"திறந்துச்சா சார்?"

"வருது மேடம். மேல ஆடை கட்டியிருக்கு."

அந்த நேரம் டவுன் அலுவலகத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ஜெபராணிக்கு அது காதில் விழவில்லை. "ஒட்டிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

சொர்ணத்தாய் வீட்டுக்கு ஓடி, மைதா மாவைக் கிண்டிப் பசை கொண்டுவந்தார். எதை ஒட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் இருந்து மேடம் ஸ்கிரீன் ஸ்கிரீன் என்று ஒன்றைத்தானே கேட்கிறார்? பச்சைத் துணியைக் கழற்றிப் பசை தடவினார்கள்.

"கன்ட்ரோல்னு சொன்னது?" என்று நினைவுபடுத்தினார் பிச்சைக்கனி.

"நம்மளக் கன்ட்ரோலா இருக்கச் சொல்லுதாங்க. யாரும் சிரிக்காதீங்க, பேசாதீங்க" என்றார் தலைவர்.

நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை பெயிண்ட் டின்னுக்குள் இறக்கி அமுக்கினார்கள். எடுத்து உதறிக் காயப் போட்டபோது, அங்கங்கே நீலம் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது.

"பாருங்க, இப்ப பிரிண்டும் விழுந்துட்டு" என்றார் சொர்ணத்தாய். அவருக்கு ரொம்ப நாள் குறை தீர்ந்த மாதிரி இருந்தது.

தங்கப்பழம் போன் போட்டார். "ஒட்டியாச்சு மேடம்."

"அப்பாடா! அவ்வளவுதான் சார். சேவ் பண்ணி அனுப்பிருங்க. மறக்காம சேவ் பண்ணுங்க. சேவ் பண்ணலைன்னா இவ்வளவு நேரம் செஞ்சது அத்தனையும் வீண்."

போனை வைத்துவிட்டுத் தங்கப்பழம் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்னடே?" என்றார் தலைவர்.

"சேவ் பண்ணணுமாம் அண்ணாச்சி."

தங்கப்பழத்துக்கு மீசை கிடையாது, அன்றாடம் மழித்துவிடுவார். பிச்சைக்கனியும் அப்படித்தான். சொர்ணத்தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லோர் பார்வையும் மெதுவாகத் தலைவரின் மீசைக்குப் போய், அங்கேயே நின்றது.

இருபத்திரண்டு வருஷத்து மீசை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் அந்த மீசை நனைந்துவிடுமே என்று ரசத்தைக் குறைத்து ஊற்றுவார்கள். ஆவுடையப்பன் ஒரு தடவை இடது பக்கம் தடவினார். ஒரு தடவை வலது பக்கம் தடவினார்.

"கொஞ்சமா சேவ் பண்ணினா ஒத்துக்கிடுவாங்களா?" என்றார், குழந்தை மாதிரி.

"அத்தனையும் வீண்னு சொல்லிட்டாங்களே அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம்.

"மருமகளைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனது கண்ணுலயே நிக்கி" என்றார் சொர்ணத்தாய், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சலூன்காரரைக் கூப்பிடுங்கடே."

சலூன் இசக்கிமுத்து பெட்டியோடு வந்து, மூன்று தடவை "நெசமாவா?" என்று கேட்டார். மூன்று தடவையும் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கத்தி போனபோது பிச்சைக்கனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சொர்ணத்தாய் மூக்கைச் சிந்தினார்.

கொஞ்ச நேரத்தில் தலைவரின் சம்சாரம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்து, "எங்க வீட்டு ஆளு எங்க போனாங்க, தெரியுமா?" என்று கேட்டார். தலைவர் தூக்கை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சோகத்திலும் அவர் கடமையை மறக்கவில்லை. தானே போனை எடுத்தார். "சேவ் பண்ணியாச்சு மேடம்."

"சந்தோஷம் சார். யார் பேர்ல சேவ் பண்ணீங்க?"

"என் பேர்லதான். மத்தவங்களுக்கு மீசையே கிடையாதே."

கடைசி வார்த்தைகள் இரைச்சலில் போய்விட்டன. "எதுல சேவ் பண்ணீங்க, டெஸ்க்டாப்லயா?"

"இல்ல மேடம், ஸ்டூல்ல உக்காந்து."

"சார், லைன் சரியில்ல, ஒண்ணும் கேக்கல. சேவ் பண்ணதை எப்படியாவது எனக்கு அனுப்பி வச்சுருங்க. ஆள் மூலமா குடுத்து விட்டாலும் சரிதான்."

இசக்கிமுத்து விரித்திருந்த துணியில் இருந்து மீசை முடியை ஒன்று விடாமல் பொறுக்கி, பழுப்புக் கவரில் போட்டு ஒட்டினார்கள். மைதாப் பசை மிச்சம் இருந்தது. பிச்சைக்கனி கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

இதற்கு மேல் டவுனில் நடந்தது பிச்சைக்கனி சொல்லித் தெரிந்தது. மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஜெபராணி கவரைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு பிச்சைக்கனியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இது என்ன?"

"தலைவர் சேவ் பண்ணது."

அவர் திட்டவில்லை. கவரை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாலேகாலுக்கு சுக்காம்பாறையில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜெபராணி உள்ளே வந்து, குடத்துப் பக்கத்தில் இருந்த மேஜையையும், கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணியையும், திறந்து கிடந்த பெயிண்ட்டையும், எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கம்ப்யூட்டர் கறுப்பாகக் கிடந்தது.

"சத்தம் போடாதீங்க மேடம்" என்று தங்கப்பழம் ரகசியமாகச் சொன்னார். "இப்பத்தான் அசந்து தூங்குது."

ஜெபராணி மவுஸை எடுத்துத் துடைத்து, வயரைச் சொருகி, லேசாக அசைத்தார். திரை வெளிச்சமானது. நல்ல வேளையாக ஒப்புதல் பக்கம் அப்படியே இருந்தது. கீபோர்டில் ஒரே ஒரு பட்டனை, ஒரே விரலால், ஒரே ஒரு தடவை அழுத்தினார். அப்புறம் அங்கே இங்கே நாலு தடவை 'டக், டக்' என்றது.

"எடுத்து அனுப்பியாச்சு. உங்க ஊருக்குப் பஸ் உறுதி."

மணி நாலு இருபத்திரண்டு. எல்லோரும் கும்பிட்டார்கள். ஆனால் குழுவுக்கு முழுத் திருப்தி இல்லை. தங்கப்பழம் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "பெயிண்ட்டைத் தொடல, பசையைத் தொடல. மேஜையைக்கூட நகத்தல. இது செல்லுமா?" என்று கவலைப்பட்டார்.

"சின்னப் பிள்ளைதானே, தொழிலுக்குப் புதுசு போல" என்று சொர்ணத்தாய் பெருந்தன்மையாகச் சொன்னார்.

புறப்படும்போது ஜெபராணி தலைவரின் மழித்த உதட்டைப் பார்த்துத் தயங்கினார். "மீசை வளந்துரும் சார்."

"பஸ் வரட்டும் தாயி. அது போதும்" என்றார் ஆவுடையப்பன். சொல்லும்போது கை தானாக மேலே போய், தடவ ஒன்றும் இல்லாமல் கீழே வந்தது.

அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் வந்தது. முன்னால் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, ஊரே திரண்டு நின்றது. கைப்பிள்ளை மைல்ராஜ் வரைக்கும் ஐம்பது பேர் முதல் பயணத்துக்குத் தயார். நானும் போயிருந்தேன். பின்வாசல் வழியாகத் தலைவர் முதலில் ஏறினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

கண்டக்டர் வாசலில் நின்று விசிலை வாயில் இருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். "வாசல்ல நிக்காதீங்க! முன்னால போங்க, முன்னால போங்க! போய்க்கிட்டே இருங்க!"

தலைவர் முன்னால் போனார். முன்வாசல் வந்தது. அவர் இறங்கி இன்னும் முன்னால் போனார். அவர் பின்னாலேயே செயலாளர், பிச்சைக்கனி, சொர்ணத்தாய், மருமகள், பிள்ளை, ஊர் முழுக்க இறங்கி, வரிசை கலையாமல் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் திரும்பிப் பார்த்து, சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். ரோடு குறுகல். விலகிப் போக வழியில்லை. மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் ரோட்டை அடைத்தே நடந்தார்கள். பஸ் அவர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து, ஒன்பது கிலோமீட்டரும் டவுன் வரைக்கும் வந்து சேர்ந்தது. உள்ளே டிரைவர், கண்டக்டர், நான்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கீழே குதித்தார். அழுகிற நிலையில் இருந்தார். "ஏன்யா இப்படிப் பண்ணீங்க?"

"நீங்கதானே தம்பி, முன்னால போய்க்கிட்டே இருங்கன்னு சொன்னீங்க" என்றார் ஆவுடையப்பன். "நிறுத்தச் சொல்லுவீங்கன்னு பாத்தோம், சொல்லவே இல்ல."

சொர்ணத்தாய் பஸ்ஸின் முன்பக்கத்தை, உழுதுவிட்டு வந்த மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி தட்டிக் கொடுத்தார். "நல்ல பஸ்ஸு அண்ணாச்சி. நம்மள விட்டுட்டு ஓடாம கூடவே வந்துட்டு, பாத்தீங்களா?"

"அதுக்காக நாமளே எப்பவும் முன்னால போறது நல்லா இருக்காது" என்றார் தலைவர். "சாயங்காலம் திரும்பும்போது அது முன்னால போகட்டும். நாம பின்னால நடந்து வருவோம்."